பைத்தான்: கண்ணில் படுவதும் நினைவகத்தில் இருப்பதும்

பைத்தான் என்ற நிரல்மொழியை அறிமுகப்படுத்தும் எவரும் "எளிய மொழி" என்றுதான் தொடங்குவார்கள். முதல் சில நாள்களுக்கு அது சரி. ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் விடை வந்துவிடும். அடுத்த கட்டத்தில்தான் குழப்பம். ஒரு லிஸ்டில் (மதிப்புகளின் பட்டியல்) கை வைத்தால் இன்னொரு லிஸ்டும் சேர்ந்து மாறும். பில் தொகையில் ஒரு பைசா இடிக்கும். "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து எழுத்து இருப்பதாகக் கணினி சொல்லும். இந்த மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: திரையில் நாம் பார்ப்பது வேறு, நினைவகத்தில் பைத்தான் வைத்திருப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டவர்களுக்கு மொழியின் மற்ற பகுதிகள் தாமாகவே வசப்படும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இலக்கணத்தை வரிசையாக ஒப்பிக்காமல், அந்த வேறுபாடு தலைகாட்டும் இடங்களைப் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: பைத்தானின் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றை உச்சரிப்பில் எழுதுகிறேன். ஆனால் கீழே தனி வரிகளாக வரும் நிரல்களில் தமிழ்ப் பெயர்களும் எண்களும் குறிகளும் மட்டுமே உள்ளன. அவற்றை அப்படியே ஒட்டினால் ஓடும். பைத்தான் 3இல் மாறிகளுக்கு (நிரலில் மதிப்பைக் குறிப்பவை) தமிழில் பெயர் வைக்கலாம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்த மொழியை எழுதத் தொடங்கினார். கற்பதற்கு எளிதாக அங்கேயே உருவான ஏபிசி என்ற மொழியில் வேலை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. முதல் வெளியீடான 0.9.0, 1991 பிப்ரவரியில் வந்தது. நமக்கு முக்கியமான ஆண்டு 2008. அந்த டிசம்பரில் வந்த 3.0, பழைய நிரல்கள் ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று சில அடிப்படைகளை மாற்றியது. அவற்றில் பெரியது எழுத்துகளைக் கையாளும் முறை. அதற்கு முன் சாதாரண ஸ்ட்ரிங் (மேற்கோள்குறிக்குள் வரும் உரை) என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. 3.0 முதல் அது யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்குறிகளுக்கும் எண் தரும் தரநிலை) எழுத்துக்குறிகளின் வரிசை. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய கொடை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆனால் பழைய பாடக் காணொளிகள் இன்னும் உலவுகின்றன. பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதிக் காட்டினால் அது பைத்தான் 2 பாடம். உடனே மூடிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத்தான் சொல்லித்தருகிறது. ஆனால் பாடநூல் நிரலை எழுதச் சொல்லும் அளவுக்குக் கணினியில் அதை நிறுவுவதைப் பேசுவதில்லை. பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. வந்த அன்றே புதியதைப் போடத் தேவையில்லை. பெரிய லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) அதற்கு ஏற்றபடி தயாராகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்கு முந்தைய பதிப்பு நிம்மதியானது. விண்டோஸில் வழக்கமான நிறுவியைத் திறந்ததும், முதல் திரையின் அடியில் பைத்தானைப் பாத்தில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால், பிறகு கமாண்ட் திரையில் பைத்தான் என்று தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். அப்படி ஆனால் அழித்துவிட்டுத் திரும்ப நிறுவ வேண்டியதில்லை. "பி, ஒய்" என்ற இரண்டெழுத்துக் கட்டளை பெரும்பாலும் வேலை செய்யும்.

நிறுவலே தலைவலி என்று நினைப்பவர்கள் தானி என்ற எடிட்டரைப் போட்டுக்கொள்ளலாம். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. பைத்தானும் உள்ளேயே சேர்ந்து வரும். வரிவரியாக ஓட்டி, ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வென்வ், அதாவது ஒரு வேலைக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழல். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் தனி வென்வ், அதற்குள் மட்டும் லைப்ரரிகள். இதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய லினக்ஸ் பதிப்புகள் முதல், வென்வுக்கு வெளியே பிப் என்ற கருவி மூலம் லைப்ரரியை நிறுவப் போனால் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிடும். லினக்ஸின் சொந்தக் கருவிகள் சில அதே பைத்தானை நம்பி ஓடுவதால்தான் இந்தத் தடை. தடையை மீற ஒரு ஆப்ஷன் உண்டு. இணையத்தில் பலர் அதையே தீர்வாகச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள், சிஸ்டமே கெடலாம். டெபியன் வகை லினக்ஸில் வென்வ் பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். விண்டோஸ் பவர்ஷெல்லில் வென்வை ஆக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்டை ஓட்ட அனுமதி இல்லை என்று வந்தால், பழைய கமாண்ட் பிராம்ப்டில் செய்து பாருங்கள், போய்விடும். இன்னொன்று: வென்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினால் உடையும். அதற்குள் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். நகர்த்த வேண்டியிருந்தால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே வழி.

ஓடத் தொடங்கியதும் வரும் பிழைகளில் பாதி, கண்ணுக்குத் தெரியாத குறிகளால் வருபவை. பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியே தீர்மானிக்கிறது. நான்கு ஸ்பேஸ் என்பது வழக்கம். ஒரு வரியில் டேப், அடுத்ததில் ஸ்பேஸ் என்றால் திரையில் நேராகத் தெரியும், நிரல் ஓடாது. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து நகலெடுத்த நிரலில் மேற்கோள்குறிகள் வளைந்திருக்கும். பைத்தானுக்கு நேர்க்குறி மட்டுமே தெரியும். சில தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் எழுத்துகளுக்கு நடுவே அகலமில்லாத குறி ஒன்றைச் செருகிவிடும். அப்போது வரும் பிழைச்செய்தி அச்சாகாத ஒரு குறியின் யூனிகோடு எண்ணைச் சொல்லும். அந்தப் பெயரை அழித்துவிட்டு மீண்டும் தட்டுவதுதான் விரைவான வழி. நிரல் ஃபைலுக்கு ரேண்டம் என்று பெயர் வைப்பதும் அடிக்கடி நடப்பது. பைத்தானோடு வரும் ரேண்டம் லைப்ரரியைக் கேட்டால், பைத்தான் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, கேட்ட வசதி அதில் இல்லை என்று சொல்லும். பிழைச்செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கே இருக்கும், எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே. 3.10இலிருந்து இந்தச் செய்திகள் வெகுவாகத் தெளிந்திருக்கின்றன.

இப்போது மையத்துக்கு வருவோம்.

அ = [10, 20, 30]
ஆ = அ
ஆ[0] = 99

இதற்குப் பிறகு அ என்னவாக இருக்கும்? [99, 20, 30]. நாம் அ பக்கமே போகவில்லை, ஆனாலும் மாறிவிட்டது. மாறியை ஒரு பெட்டியாகவும், இரண்டாவது வரி முதல் பெட்டியிலிருந்ததை இரண்டாவதில் நகலெடுப்பதாகவும் நினைத்தால் இது புரியாது. பைத்தானில் மாறி என்பது பொருளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. முதல் வரி ஒரு லிஸ்டை உருவாக்கி அதன்மேல் அ என்ற சீட்டை ஒட்டுகிறது. இரண்டாம் வரி அதே லிஸ்டின் மேல் இன்னொரு சீட்டை ஒட்டுகிறது, அவ்வளவுதான். லிஸ்ட் ஒன்றே ஒன்று. நகல் வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்:

ஆ = அ[:]

எண்ணிலும் ஸ்ட்ரிங்கிலும் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் அவை மாற்ற முடியாத பொருள்கள் என்பதுதான். ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் பழைய எண் மாறுவதில்லை. புதிய எண் உருவாகி, சீட்டு அதற்கு இடம் மாறுகிறது. லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் (ஒன்றே இருமுறை வராத தொகுப்பு) மூன்றும் இருந்த இடத்திலேயே மாறக்கூடியவை. எண், ஸ்ட்ரிங், டூப்பிள் (மாற்ற முடியாத பட்டியல்) மூன்றும் மாறாதவை. இந்த ஒரு பிரிவினையை மனத்தில் இருத்தினால் பல புதிர்கள் அவிழும். உதாரணமாக, மூன்றுக்கு மூன்று அட்டவணை ஒன்றை இப்படி உருவாக்குகிறார்கள்:

அட்டவணை = [[0] * 3] * 3
அட்டவணை[0][0] = 5

முதல் வரிசையில் மட்டும் 5 வரும் என்று எதிர்பார்ப்போம். மூன்று வரிசையிலும் வரும். வெளியே உள்ள பெருக்கல் மூன்று லிஸ்டுகளை உருவாக்கவில்லை. ஒரே லிஸ்டுக்கு மூன்று இடத்தில் இடம் கொடுத்திருக்கிறது. சுழற்சியில் ஒவ்வொரு வரிசையையும் தனியாக உருவாக்கிச் சேர்ப்பதே சரி. இதே குடும்பத்தின் இன்னொரு பொறி ஃபங்ஷனில் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) இருக்கிறது. ஃபங்ஷனின் ஓர் அளவுருவுக்கு (அழைக்கும்போது உள்ளே தரும் மதிப்பின் பெயர்) இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்டைக் கொடுத்தால், அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அல்ல. முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாவது அழைப்பில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இயல்பு மதிப்பாக நன் ("ஒன்றுமில்லை" என்பதைக் குறிக்கும் மதிப்பு) கொடுத்து, உள்ளே நுழைந்ததும் "நன் என்றால் புது லிஸ்ட்" என்று எழுதுவதுதான் வழக்கமான மருந்து.

லிஸ்டின் சார்ட் கட்டளையும் இப்படித்தான். அது இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு, விடையாக நன்னைத் தரும். அந்த விடையைப் பழைய பெயருக்கே கொடுத்தால் லிஸ்ட் கைவிட்டுப் போகும். சார்ட்டட் என்ற ஃபங்ஷன் மூலத்தைத் தொடாமல் புது லிஸ்டைத் தரும். இரண்டில் சார்ட்டடைப் பழகிக்கொள்வது பாதுகாப்பு.

இரண்டு பெயர்கள் சம மதிப்பைக் குறிக்கின்றனவா என்று கேட்க இரட்டைச் சமக்குறி. ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்று கேட்க இஸ். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சிபைத்தானில் -5 முதல் 256 வரையிலான எண்கள் முன்கூட்டியே உருவாக்கப்பட்டுப் பகிரப்படுகின்றன. அதனால் சிறிய எண்களில் இஸ் போட்டாலும் சரியாக வருவது போலத் தோன்றி, பெரிய எண்ணில் காலை வாரும். நன்னை ஒப்பிட மட்டும் இஸ், மற்றதற்கெல்லாம் சமக்குறி.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழு எண்ணுக்கு நடைமுறையில் உச்ச வரம்பு கிடையாது. 2 ** 100 என்று தட்டினால் 31 இலக்கமும் பிசிறில்லாமல் வரும். தசம எண்தான் சிக்கல். 0.1 + 0.2 என்றால் 0.30000000000000004 என்று வரும். இது பைத்தானின் குறை இல்லை. நினைவகத்தில் எண் இரண்டடிமானத்தில் இருக்கிறது. பத்தில் ஒன்றை அதில் முடிவாக எழுதவே முடியாது. ரவுண்ட் ஃபங்ஷனும் பள்ளிக் கணக்கு போல நடக்காது. 2.5ஐக் கொடுத்தால் 2 வரும், 3.5ஐக் கொடுத்தால் 4. சரிபாதியாக வரும்போது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். ஆகவே பணக் கணக்கை முழுப் பைசாக்களில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது டெசிமல் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். டெசிமலுக்கு எண்ணை மேற்கோள்குறிக்குள் ஸ்ட்ரிங்காகத் தர வேண்டும், வெறுமனே 0.1 என்று கொடுத்தால் பிழை உள்ளே போன பிறகே டெசிமல் அதைப் பார்க்கும். வகுத்து முழு எண்ணாக்கும் இரட்டைச் சாய்வுக்கோடு கீழ்நோக்கியே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்: -7 // 2 என்பது -4.

வேகம் பற்றி இரண்டு வரி. சிபைத்தானில் சிறிய முழு எண் ஒன்றே 28 பைட் பிடிக்கும், ஏனெனில் அதுவும் ஒரு முழுப் பொருள். நம்பை என்ற எண்கணக்கு லைப்ரரியில் அதே எண் 8 பைட்டில் அடங்கும், சுழற்சியும் சி மொழியில் நடக்கும். அதனால் லட்சக்கணக்கான எண்களைச் சுழற்சியில் ஓட்டாமல் நம்பையிடம் விடுங்கள். ஒரு சொல் பட்டியலில் இருக்கிறதா என்று அடிக்கடி தேட வேண்டுமென்றால் லிஸ்டுக்குப் பதில் செட். லிஸ்ட் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். செட் கிட்டத்தட்ட நேராக அந்த இடத்துக்கே போகும்.

இனி தமிழ். பைத்தானைத் தமிழில் சொல்லித்தருபவர்கள்கூட உதாரணங்களை ஆங்கிலச் சொற்களில் தருவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். மொழியின் நுட்பம் தமிழ் ஸ்ட்ரிங்கில்தான் பளிச்சென்று தெரிகிறது.

சொல் = "தமிழ்"

லென் ஃபங்ஷனிடம் இதன் நீளத்தைக் கேட்டால் 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து யூனிகோடு குறிகள் அங்கே இருக்கின்றன. பைத்தான் எண்ணுவது அவற்றைத்தான், நாம் படிக்கும் எழுத்துகளை அல்ல. யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஃபைலாகச் சேமித்தால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஆக 15 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று நீளம்: எழுத்தில் 3, குறியில் 5, பைட்டில் 15. எந்த நீளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் பாதிச் சிக்கல் இல்லை. சொல்[::-1] என்று திருப்பினால் புள்ளி முதலில் வந்து சிதைந்துபோவதும் இதனால்தான்.

எல்லாம் எழுத்துகளா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா, "தமிழ்" என்ற சொல்லுக்கு இல்லை என்று விடை சொல்லும். உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, ஒட்டுக்குறி வகையில் இருக்கின்றன. பெயர் கட்டத்தில் இந்தச் சோதனையை வைத்த படிவம் தமிழ்ப் பெயர்களைப் பெரும்பாலும் நிராகரிக்கும். பைத்தானோடு வரும் ஆர்.இ. லைப்ரரியில் சொற்களைப் பிரிக்க எல்லாரும் பயன்படுத்தும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவும் இதே கணக்கில் நடப்பதால், "தமிழ்" என்பதை "தம", "ழ" என்று இரண்டு துண்டாக்கிவிடும். ரெஜெக்ஸ் என்ற தனி லைப்ரரியைப் பிப் மூலம் நிறுவினால் இது சரியாகும். அதில் பேக்ஸ்லாஷுடன் பெரிய எக்ஸ் கொடுத்தால் த, மி, ழ் என்று எழுத்தெழுத்தாகவே பிரித்துத் தரும். ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரியிலும் எழுத்துகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது.

இதைவிட நயமான சிக்கல் ஒகரத்தில் இருக்கிறது. "மொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிட்டால் பைத்தான் சமமில்லை என்று சொல்லும். இதில் வியப்பு என்னவென்றால், மொத்தம் என்று மாறிக்குப் பெயர் வைத்தால் எப்படித் தட்டினாலும் ஒரே மாறிதான். பெயர்களைப் பைத்தான் தானே ஒருமுகப்படுத்திக்கொள்கிறது. மேற்கோள்குறிக்குள் இருக்கும் தரவில் அது கை வைப்பதில்லை. அந்தப் பொறுப்பு நம்முடையது. யூனிகோடுடேட்டா லைப்ரரியின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) என்று கொடுத்து, உள்ளே வரும் எல்லாத் தமிழ் உரையையும் முதல் வேலையாக ஒருமுகப்படுத்துங்கள். ஆனால் "கௌரவம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரவம்" என்று தட்டியவர்களை என்எஃப்சி திருத்தாது; அது வேறு எழுத்து. "ஔவை" "ஒளவை" கதையும் அதுதான். அவற்றுக்குத் தனியாகத் திருத்தப் பட்டியல் வேண்டும்.

ஃபைலைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்பதை என்கோடிங் அளவுருவில் எப்போதும் எழுதுங்கள். எழுதாவிட்டால் விண்டோஸில் பெரும்பாலும் 1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கப் பார்க்கும். புள்ளிக்குறியின் கடைசி பைட்டுக்கும் உகரக் குறியின் கடைசி பைட்டுக்கும் அந்த அட்டவணையில் இடமே இல்லை. ஆகவே முதல் புள்ளியிலோ உகரத்திலோ டிகோட் எரர் வந்து நிற்கும். லினக்ஸில் எழுதி அங்கேயே சோதித்த நிரல் நண்பரின் விண்டோஸில் விழுவதற்கு இதுவே முதல் காரணம். 3.15 முதல் எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. பழைய பதிப்புகள் இருக்கும்வரை எழுதிவிடுவதே நல்லது. எக்செலில் திறக்க வேண்டிய சிஎஸ்வி என்றால் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், தமிழ் சிதையாது. கூடவே நியூலைன் அளவுருவுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுக்காவிட்டால், விண்டோஸில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வெற்று வரி விழும்.

அகரவரிசையும் தானாக வராது. சார்ட்டட் யூனிகோடு எண் வரிசையில் போகும். அதில் ன, ந-வுக்கு அடுத்தும், ற, ர-வுக்கு அடுத்தும் இருக்கின்றன. அதனால் "மனம்" முன்னே, "மரம்" பின்னே வரும். அகராதியில் தலைகீழ். திருத்தும் வழி அழகானது. சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு எண் கொண்ட டூப்பிளாக மாற்றுங்கள்: முதல் எண் மெய்யின் வரிசை, இரண்டாவது எண் உயிரின் வரிசை. மெய்க்கு 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2 என்று போகலாம். தனி உயிருக்கு முதல் எண் 0.

மெய்கள் = "கஙசஞடணதநபமயரலவழளறன"

இந்த ஸ்ட்ரிங்கில் மெய் இருக்கும் இடத்தோடு ஒன்றைக் கூட்டினால் முதல் எண். ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமென்றால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். டூப்பிள்களைப் பைத்தான் இடமிருந்து வலமாகத் தானே ஒப்பிடும். இந்த ஃபங்ஷனைச் சார்ட்டடின் கீ அளவுருவுக்குக் கொடுத்தால் போதும்.

முதலில் எழுதிப் பார்க்க வேண்டிய நிரலாக நான் சொல்வது சொல் எண்ணி. ஒரு தமிழ் உரைக் கோப்பை யூடிஎஃப்-8இல் திறந்து, என்எஃப்சி செய்து, ரெஜெக்ஸால் சொற்களாகப் பிரித்து, கலெக்‌ஷன்ஸ் லைப்ரரியின் கவுன்ட்டரிடம் கொடுத்து, அதிகம் வரும் இருபது சொற்களைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது. பட்டியலின் தலையில் "ஒரு", "என்று", "இந்த" போன்றவை வந்து நிற்கும். அவற்றை ஒரு செட்டில் போட்டுத் தவிர்த்தால் உரையின் உண்மையான சொற்கள் மேலே வரும். அடுத்து மரம், மரத்தை, மரத்தில், மரங்கள் நான்கும் தனித்தனிச் சொற்களாக எண்ணப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். வேற்றுமை உருபுகளைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே தொடங்குகிறது. அதற்குப் பைத்தான் இலக்கணத்தோடு தமிழ் இலக்கணமும் வேண்டும்.